பஸ் வரும்போதே படிக்கணும்

எங்கள் உடுப்பிப் பக்கத்து பஸ்கள் நிற்பதில்லை. நிறுத்தம் வந்தால் வேகம் கொஞ்சம் தணியும், அவ்வளவுதான். அதற்குள் இறங்குகிறவர் இறங்கி, ஏறுகிறவர் ஏறிவிட வேண்டும். பின்னால் இன்னொரு கம்பெனி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வரும். அது முந்திவிட்டால் அடுத்த நிறுத்தத்துக் கூட்டம் முழுக்க அதற்குத்தான். கண்டக்டரைத் திட்டிப் பயனில்லை. கட்டபாடி வாமன கோட்டியான் விசிலும் கையுமாகப் படியில் தொங்கியே பாதி வயதைக் கழித்தவர். அவரும் யாருக்காகவும் வண்டியை நிறுத்தியவர் இல்லை.

ஆனால் அவர் மகள் சுப்ரீதாவுக்காக அந்தத் தடத்தில் எல்லா பஸ்ஸும் நின்றன.

சுப்ரீதாவுக்கு டவுன் சிண்ட்ரோம். நடப்பது, பேசுவது, படிப்பது எல்லாம் வரும், ஆனால் தாமதமாக வரும் என்று அவள் பிறந்தபோதே டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியேதான் வந்தது. இருபத்தோரு வயதில் கன்னடம் எழுத்துக்கூட்டிப் படித்தாள். துணி மடித்தால் ஓரம் ஓரத்தோடு பொருந்தும். உடுப்பியில் அவளைப் போன்றவர்களுக்கான பகல் மையம் ஒன்றில் காகிதப் பை செய்யும் வேலைக்குப் போய்வந்தாள். அம்மா வனஜாதான் காலையில் கொண்டுபோய் விடுவாள், மாலையில் கூட்டிவருவாள். வாமனரின் மகள் என்று தெரிந்த கண்டக்டர்கள் "மெல்ல, மெல்ல" என்று கையைப் பிடித்து ஏற்றிவிடுவார்கள்.

ஒரு மழைக்காலத்தில் வனஜா பஸ் படியில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் வீங்கிவிட்டது. சில மாதம் பஸ்ஸில் ஏறி இறங்கக் கூடாது என்றார்கள். காலையில் சிரமம் இல்லை. கட்டபாடியிலிருந்து வடக்கே போகிற எந்த வண்டியும் உடுப்பிக்குத்தான் போகும். வாமனரே ஏற்றிவிட்டு வேலைக்குப் போவார். மாலையில் திரும்புவதுதான் கஷ்டம். உடுப்பி ஸ்டாண்டில் நாலா திசைக்கும் வண்டி. காப்பு, ஹெஜமாடி, ஷிர்வா என்று பலகை போட்டவை கட்டபாடி வழியாக வரும். கார்க்களா, ஹெப்ரி, மல்பே, மணிபால் எல்லாம் வேறு திசை.

"ஏன் கவலைப்படறே?" என்றார் வாமனர். "சாயங்காலம் நம்ம ஹரீஷன் வண்டி இருக்கு. கையைப் பிடிச்சு ஏத்தி, கட்டபாடியில உன் கையில ஒப்படைப்பான்."

ஹரீஷன் சொன்னபடி செய்தான். ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல். அவன் வண்டியில் வேறு ஆள் வந்தான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. சுப்ரீதா ஸ்டாண்டில் நின்று ஒவ்வொரு பலகையாகப் படித்தாள். ஒவ்வொன்றையும் சரியாகத்தான் படித்தாள். படித்து முடிக்கும்போது அந்த வண்டி ஸ்டாண்டை விட்டு வெளியே போயிருக்கும். இருட்டும் நேரத்துக்கு அங்கே மல்லிகை விற்கிற பெண் ஒருத்தி அவள் கழுத்து அட்டையில் இருந்த நம்பருக்கு போன் செய்தாள். வாமனர் பாதி வழியில் தன் வண்டியை டிரைவரிடம் விட்டுவிட்டு ஓடினார். மகள் அழவில்லை. "பஸ் போயிடுச்சு. எல்லா பஸ்ஸும் போயிடுச்சு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மையத்திலிருந்து ஃப்ளேவியா டீச்சர் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தாள். ஷிர்வாக்காரி, வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒரு தாளில் ஊர்ப்பெயர்களை எழுதி சுப்ரீதாவிடம் நீட்டினாள். சுப்ரீதா எல்லாவற்றையும் தப்பில்லாமல் படித்தாள்.

"பாத்தீங்களா டீச்சர்? எல்லாம் தெரியும் இவளுக்கு" என்றார் வாமனர் பெருமையாக.

"நல்லாவே தெரியும். வாமனண்ணா, இவ படிச்சு முடிக்கற வரைக்கும் உங்க பஸ் நிக்குமா?"

"நான் நிப்பேன். எங்க மொதலாளி நிக்க விடணுமே."

"அப்ப தெரிஞ்சா மட்டும் போதாது. பஸ் வரும்போதே படிக்கணும். சரியாவும் படிக்கணும், சட்டுனும் படிக்கணும். தெனம் கொஞ்ச நேரம் பழகினா வரும். ஒரு நிமிஷம் கடிகாரம் வச்சு..."

கடிகாரம் என்றதும் வனஜாவின் முகம் மாறியது. வீங்கிய காலை நீட்டியபடி சுவரில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. சின்ன வயசுலேர்ந்து ஊரே இவளை சீக்கிரம் சீக்கிரம்னு வெரட்டினதுதான். வகுப்புல பிள்ளைங்க கைதட்டிச் சிரிக்கும். அதுலேர்ந்து காப்பாத்தி வச்சிருக்கேன். இப்ப நீங்க வீட்டுக்குள்ளயே கடிகாரத்தைக் கொண்டு வர்றீங்க."

ஃப்ளேவியா தாளை மடித்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "நியாயம்தான் வனஜக்கா. ஒருநாள் இவ முகம் வாடினாலும் சொல்லுங்க, மூட்டை கட்டிடறேன். ஆனா ஒண்ணு. மெதுவா செய்யறவங்க கையிலேர்ந்து யாராவது வேலையை வாங்கிடறாங்க. அன்புலதான் வாங்கறாங்க. தேங்கா துருவறப்ப நீங்க வாங்கறதில்லையா?"

வனஜா சிரித்துவிட்டாள். அன்று காலைகூட வாங்கியிருந்தாள்.

மறுநாளிலிருந்து பழக்கம் தொடங்கியது. காலையில் மையத்தில், மாலையில் ஃப்ளேவியா வீட்டுக்குப் போகிற வழியில் கட்டபாடியில். சுப்ரீதாவையும் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்துவிடுவாள். பலகையில் இருக்கிற மாதிரியே கொட்டை எழுத்தில் ஊர்ப்பெயர் எழுதிய அட்டைகள். ஒரு நிமிடத்துக்கு போனில் மணி வைப்பாள். சரியாகச் சொன்னவை ஒரு பக்கம், தப்பானவை ஒரு பக்கம். முடிந்ததும் சுவரில் ஒட்டிய கட்டம் போட்ட காகிதத்தில் சரி எத்தனையோ அந்த உயரத்தில் ஒரு நீலப் புள்ளி, தப்பு எத்தனையோ அந்த உயரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி வைப்பது சுப்ரீதாவின் வேலை. களைப்பு தெரிவதற்கு முன்பே அட்டையை மூடிவிடுவாள் டீச்சர்.

முதலில் நடந்தது வனஜா பயந்த மாதிரிதான் இருந்தது. நீலப் புள்ளி கொஞ்சம் ஏறியது, சிவப்பு அதைவிட ஏறியது. அவசரத்தில் முதல் எழுத்தைப் பார்த்ததும் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். 'கா' என்றால் காப்பு. 'ஹெ' என்றால் ஹெப்ரி. 'ம' வந்தால் எப்போதும் மல்பே, ஏனென்றால் மல்பேயில் கடற்கரை இருக்கிறது.

"சொன்னேனே" என்றாள் வனஜா. "முன்னெல்லாம் மெதுவா சரியா படிச்சா. இப்ப வேகமா தப்பா படிக்கறா."

"நல்லதாப் போச்சு. எங்க தடுக்குதுன்னு அவளே காட்டிட்டா" என்று ஃப்ளேவியா மற்ற அட்டைகளை எல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். காப்பு, கார்க்களா மட்டும். அது குழம்பாமல் வந்தபிறகு ஹெப்ரி, ஹெஜமாடி. முதல் எழுத்தைத் துணியால் மறைத்து, மீதியைப் பார்த்தே சொல்ல வைத்தாள். சுப்ரீதாவுக்கு அது விளையாட்டாக இருந்தது. தப்பு வந்தால் திட்டு இல்லை, ஐயோ பாவமும் இல்லை. அட்டை திரும்ப அடுக்குக்குள் போகும், சற்று நேரத்தில் மறுபடி வரும். சிவப்புப் புள்ளிகள் இறங்கின.

ஆனால் நீலமும் ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டது. நாள் போகப் போக அதே உயரம். ஃப்ளேவியா அட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டு சுப்ரீதாவின் கண்களைப் பார்க்கத் தொடங்கினாள். அப்போதுதான் பிடிபட்டது. சுப்ரீதா ஒரு பெயரைச் சொல்வாள். உடனே தலையைத் தூக்கி டீச்சரைப் பார்ப்பாள். பிறகு வாசலில் இருக்கிற அம்மாவைப் பார்ப்பாள். இருவரும் தலையாட்டிய பிறகுதான் அடுத்த அட்டை. நிமிடத்தில் பாதி இந்தப் பார்வைக்கே போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, இவ படிக்கறதுல மெதுவு இல்ல" என்றாள் ஃப்ளேவியா. "சரியான்னு நம்ம மூஞ்சியில தேடறதுலதான் நேரம் போகுது."

"தலையாட்டாம எப்படி டீச்சர்? பெத்தவ கழுத்து தானா ஆடுது."

"அப்ப கழுத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கங்க."

அன்றிலிருந்து வனஜா சமையலறைக்குள் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள். ஃப்ளேவியா எதிரே உட்காராமல் சுப்ரீதாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முதல் இரண்டு நாள் சுப்ரீதா திரும்பித் திரும்பித் தேடினாள். "டீச்சர், சரியா?" என்றாள்.

"நீயே சொல்லு. சரியா?"

கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தாள். "சரி" என்றாள். அடுத்ததை எடுத்தாள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. சமையலறையில் இருந்த வனஜாவுக்கு மகளின் குரல் மட்டும் கேட்கும், ஷிர்வா, காப்பு, மணிபால், ஹெஜமாடி என்று ஆலங்கட்டி மழை ஓட்டில் விழுகிற மாதிரி. இருபத்தோரு வருடத்தில் அந்தக் குரலை அப்படி ஒரு ஓட்டத்தில் அவள் கேட்டதில்லை. கீரையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். திரும்பக் கூடாது என்பதால் முகத்தைத் துடைத்துக்கொள்ள நிறைய நேரம் இருந்தது.

"அப்பா, நேத்து சுப்பியை நான் தோக்கடிச்சேன்" என்று இரவு சாப்பாட்டில் சொல்வாள் சுப்ரீதா. அந்த வீட்டில் சுப்பி என்பதும் அவள்தான்; முந்தின நாள் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டாள் என்று அர்த்தம்.

"பாவம் நேத்து சுப்பி. அவளுக்கும் ஒரு மீன் வறுவல் போடு" என்பார் வாமனர்.

ஆனால் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போன முதல் நாள் எல்லாம் கலைந்தது. அட்டையில் இருந்த எழுத்து வேறு, வண்டியில் இருந்த எழுத்து வேறு. ஒன்றில் சிவப்பு விளக்கு எழுத்து ஓடியது. ஒன்றில் ஆயுதபூஜை மாலை பாதிப் பலகையை மறைத்திருந்தது. ஒன்றில் முதலாளி மகள் பெயர் பெரிதாகவும் ஊர்ப்பெயர் சின்னதாகவும் இருந்தது. சுப்ரீதா காதைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

ஃப்ளேவியாவும் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். "தப்பு என்னோடது, சுப்ரீதா. நான் அழகான எழுத்தா எழுதிட்டேன். பஸ்காரங்க அப்படி எழுதறதில்ல. இன்னைக்குப் போதும், ஐஸ்கிரீம் சாப்பிடலாம் வா."

இந்த இடத்தில் வாமனர் தானாக முன்வந்தார். அதுவரை அவர் இதை டீச்சரின் விளையாட்டாகத்தான் எண்ணியிருந்தார். அன்று இரவு கண்டக்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் தன் குரலில் செய்தி போட்டார்: எல்லாரும் அவரவர் வண்டிப் பலகையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும், வண்டி ஸ்டாண்டுக்குள் நுழையும்போது வீடியோவாக இருந்தால் இன்னும் நல்லது.

"எதுக்கு வாமனண்ணா, புது பஸ் வாங்கப்போறீங்களா?" என்று ஒருவன் கேட்டான்.

"ஆமா மாராயா, உன் ஓட்டை வண்டியைத்தான் வெலை பேசிட்டு இருக்கேன். படத்தை அனுப்பு."

விஷயம் தெரிந்ததும் படங்கள் வந்து குவிந்தன. மழைக் கண்ணாடிக்குப் பின்னால் பலகை, சாயங்கால வெயிலில் பலகை, தூசியில் பலகை. ஹரீஷன் தன் முகத்தையும் பலகையையும் சேர்த்து எடுத்து அனுப்பினான். அதில் பலகை சரியாகத் தெரியவில்லை, முகம் நன்றாகத் தெரிந்தது. ஃப்ளேவியா அவற்றை ஒவ்வொன்றாகப் போனில் காட்டினாள், பிறகு கண் சிமிட்டும் நேரத்துக்கு மட்டும் காட்டினாள். புள்ளிகள் தரையிலிருந்து மறுபடி ஏறின. மழை ஓய்ந்து, பக்கத்து மட்டு ஊர்க் கத்தரிக்காய் சந்தைக்கு வரத் தொடங்கும்போது, ஓடுகிற வீடியோவில் பாதிப் பலகை தெரிந்தாலே ஊரைச் சொன்னாள்.

கடைசியாக, அவளைத் தனியாக அனுப்புவதற்கு முந்தின நாள், வாமனர் குழுவில் இன்னொரு செய்தி போட்டார். "ஒரு உதவி வேணும். நாளைலேர்ந்து எம் பொண்ணுக்கு யாரும் உதவி பண்ணாதீங்க."

ஹரீஷன் உடனே கூப்பிட்டான். "என்னண்ணா, கோபமா?"

"கோபம் எதுக்குடா? இத்தனை வருஷம் நீங்க பாத்துக்கிட்டதாலதான் அவ இன்னைக்கு முழுசா இருக்கா. இப்ப அவளே ஏறட்டும்."

"கையாவது பிடிக்கலாமா?"

"விழப்போனா பிடி. இல்லேன்னா உன் விசிலைப் பிடி."

முதல் நாள் ஃப்ளேவியா ஸ்டாண்டின் மறுகோடியில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். சுப்ரீதா கூட்டம் நெரிந்த ஒரு ஷிர்வா வண்டியை விட்டாள், அடுத்து வந்த காப்பு வண்டியில் ஏறினாள். கட்டபாடியில் இறங்கினாள். வனஜா நிறுத்தத்தில் நின்றிருந்தாள். மகளைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று தீர்மானித்திருந்தும் கட்டிக்கொண்டாள். அடுத்த வாரமும் அப்படியே போயிற்று. டீச்சர் தூணுக்குப் பின்னால் நிற்பதை நிறுத்தினாள்.

ஒரு சனிக்கிழமை வழக்கமான நேரம் தாண்டியும் சுப்ரீதா வரவில்லை. இரண்டு வண்டி வந்து போயின. வனஜா போனைக் கையில் எடுத்துவிட்டாள். அப்போது ஒரு ஹெஜமாடி வண்டி வந்தது, அது முழுதாக நின்றது. சுப்ரீதா இறங்கினாள். ஜன்னல் வழியாக ஒரு பெண் உடம்பை வெளியே நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பில் குழந்தை, மடியில் துணிமூட்டை. இந்தப் பக்கத்துக்காரி இல்லை. அவள் கண்ணில் நீர் நின்றது. தன் பாஷையில் ஏதோ திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு சுப்ரீதாவின் கையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

வனஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கண்டக்டர்தான் படியில் நின்றபடி சொன்னான். ஆள் புதியவன், வாமனரின் குழுவில் இல்லாதவன்.

"உங்க பொண்ணா அக்கா? இந்த அம்மா ஒடிசாக்காரங்க. ஹெஜமாடி மீன் கம்பெனியில புருஷன் வேலை பாக்கறார். ரயிலை விட்டு எறங்கி, ஸ்டாண்டுல ஹெஜமாடி ஹெஜமாடின்னு கேட்டுட்டு இருந்திருக்காங்க, யாரு சொன்ன பதிலும் பாஷை புரியல. கடைசியில ஹெப்ரி வண்டியில காலை வச்சிட்டாங்க. அது மலைப்பக்கம் போற வண்டி. இந்தக் கொழந்தையோட ராத்திரி அங்க போய் என்ன பண்ணுவாங்க? உங்க பொண்ணுதான் முந்தானையைப் பிடிச்சு இழுத்திருக்கா. ரெண்டு வண்டியை விட்டுட்டு கூடவே நின்னு, என் வண்டி உள்ள நுழையறப்பவே கத்திச்சு, ஹெஜமாடி ஹெஜமாடின்னு. எனக்கு முன்னாடி அதுதான் கத்திச்சு."

விசில் ஊதினான். வண்டி நகர்ந்தது. அந்தப் பெண் கண்ணுக்கு மறையும்வரை கையை ஆட்டினாள்.

"அவங்க என்ன சொன்னாங்க சுப்பி?" என்று கேட்டாள் வனஜா.

"தெரியாது" என்றாள் சுப்ரீதா. கொஞ்சம் நடந்தபிறகு, "தேங்க்ஸ் சொன்னாங்க. எனக்கு" என்றாள்.

வனஜா நடப்பதை நிறுத்திவிட்டாள். பஸ்ஸில் ஏற்றிவிட்டவர்களுக்கு, இடம் விட்டவர்களுக்கு, தண்ணீர் கொடுத்தவர்களுக்கு எல்லாம் தேங்க்ஸ் சொல்லு, தேங்க்ஸ் சொல்லு என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தே இத்தனை வருடம் போயிருந்தது. ஒருவர் இவளுக்குச் சொன்னால் என்ன பதில் சொல்வது என்று சொல்லிக்கொடுத்ததே இல்லை.

"நீ என்ன சொன்னே?"

"ஸ்டாண்டுலயும் சொன்னாங்க. பரவால்ல அக்கா, ஏறுங்கன்னு சொன்னேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வனஜா ஒரு பை நிறைய மட்டு கத்தரிக்காயும், முதல்நாளே ஊறவைத்து அரைத்துச் சுட்ட நீர்தோசையும், கோழிச்சாறும் எடுத்துக்கொண்டு ஷிர்வாவில் ஃப்ளேவியாவின் வீட்டுக்குப் போனாள். முழங்கால் ஏறக்குறைய சரியாகியிருந்தது. ஃப்ளேவியா அப்போதுதான் பூசை முடிந்து சர்ச்சிலிருந்து வந்திருந்தாள். வனஜா பையைக் கொடுத்துவிட்டு நின்றபடியே இருந்தாள்.

"உக்காருங்க அக்கா. எதுக்கு இவ்வளவு?"

"டீச்சர், நான் உங்களை மொதல் நாளே வெளிய போகச் சொல்லியிருப்பேன்."

"சொல்லலியே."

"கால் வீங்கியிருந்துச்சு. எழுந்திருக்க முடியல."

இருவரும் சிரித்தார்கள். வனஜா சிரித்துக்கொண்டே ஃப்ளேவியாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஃப்ளேவியா கூச்சத்தில் கையை இழுக்கப் பார்த்து, பிறகு விட்டுவிட்டாள்.

"நான் செஞ்சது அட்டையும் மணியும்தான் அக்கா" என்றாள். "பஸ்ஸை நிறுத்தி நிறுத்தி இத்தனை வருஷம் ஏத்தினாங்களே அவங்க, படம் அனுப்பினாங்களே அவங்க, கீரையோட முதுகைக் காட்டி உக்காந்தீங்களே நீங்க... யாரு எவ்வளவுன்னு பிரிக்க முடியுமா? எனக்கும் இவ ஒண்ணு சொல்லிக்குடுத்தா. ஒரு பிள்ளை மெதுவா செஞ்சா மொதல்ல அதோட கண்ணு எங்க போகுதுன்னு பாக்கணும்னு. இப்ப மையத்துல இன்னும் ரெண்டு பேருக்குப் பின்னாடிதான் உக்கார்றேன்."

அந்த ஆண்டு கடைசியில் சுப்ரீதாவுக்கு உடுப்பியில் ஒரு துணிக்கடையில் சேலை மடிக்கிற வேலை கிடைத்தது. இப்போது போகவும் வரவும் தனியாகத்தான். சில நாள் தவறுகிறது. ஒருமுறை மணிபால் போய்விட்டுத் திரும்பினாள். அதைப் பெரிய சுற்றுலா மாதிரி வந்து சொன்னாள்.

வனஜாவுக்கு மாலை வேளை ஒன்று மிச்சமாகிவிட்டது. அதை என்ன செய்வதென்று முதலில் தெரியவில்லை. வீட்டைப் பெருக்கினாள், பெருக்கியதையே பெருக்கினாள். ஒரு நாள் வாமனருக்கு விடுப்பு. "மட்டுக்குப் போலாமா?" என்றார். மட்டுக் கடற்கரை அவர்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். போய் எத்தனை வருடம் ஆயிற்று என்று இருவருக்கும் நினைவில்லை.

மணலில் உட்கார்ந்து சூடாக கோலி பஜே என்கிற மைதா போண்டா தின்றார்கள். படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. வனஜா செருப்பைக் கழற்றிவிட்டு தண்ணீர் வரைக்கும் நடந்து போனாள். சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு அலையில் நின்றாள்.

"கால் வலிக்கப்போகுது, வா" என்று கரையிலிருந்து கூப்பிட்டார் வாமனர்.

"வலிக்கல" என்றாள் அவள். "இன்னும் கொஞ்ச நேரம் நிக்கறேன்."